சகலை ஊரில் ஒரு கட்டாய நிறுத்தம்

அனுப்புநர்:
விண்ணப்பத்தில் ‘உடன் பயணிப்பவர்’ என்ற கட்டத்தில் குறிக்கப்பட்டுள்ள மனைவி,
தையல் கடை, முதல் மாடி,
ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு மேலே.

பெறுநர்:
அனுமதி வழங்கும் அலுவலர் அவர்கள்,
எல்லை கடக்கும் சொந்த வாகனங்களுக்கான அனுமதி அலுவலகம்.
(தாங்களே பிரிக்கவும். முகப்பு மேசையில் இருப்பவர் என் கணவரிடம் வண்டி ஓட்டப் பழகியவர். அவர் வாயில் எதுவும் நிற்காது.)

பொருள்: என் கணவர் வகுத்துள்ள மூன்று நாட்டுச் சாலைப் பயணத் திட்டத்தில் வேண்டுமென்றே விடப்பட்ட ஓர் ஊரை, அவருக்குத் தெரியாமல், அரசு நிபந்தனையாகச் சேர்த்துத் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: (1) என் கணவர் தங்களிடம் அளித்துள்ள விண்ணப்பம். (2) அதே தாளின் பின்பக்கத்தில், யாரும் படிக்காத சிறிய எழுத்துகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது என் கணவரின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யக் கோரும் மனு அன்று. தயவுசெய்து அப்படி ஏதும் செய்துவிட வேண்டாம். அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தமக்கென வைத்துள்ள இரண்டாவது பிரேக்கை மிதித்தே கழித்தவர். மைதானத்தைச் சுற்றும் அந்தப் பயிற்சி வண்டி இரண்டாம் கியரைத் தாண்டியதில்லை. ஒரு முறையாவது தாமே ஸ்டியரிங்கைப் பிடித்து, ஐந்தாம் கியரில், பக்கத்து நாடுகள் மூன்றையும் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த ஆசையில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு. ஓட்டுநர் இருக்கைக்குப் புது உறைகூட நானே தைத்துப் போட்டிருக்கிறேன்.

2. அவர் திட்டமிட்டுள்ள நிறுத்தங்களைத் தாங்கள் விண்ணப்பத்தில் படித்திருப்பீர்கள். படித்துச் சிரித்தும் இருப்பீர்கள். மற்றவர்கள் அருவி பார்ப்பார்கள், அரண்மனை பார்ப்பார்கள். என் கணவர் ரவுண்டானா பார்ப்பார். முதல் நாட்டில் ஐந்து சாலைகள் கூடும் ரவுண்டானா ஒன்று, இரண்டாம் நாட்டில் ஆற்றுப் பாலம், மூன்றாம் நாட்டில் கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு நீண்ட சுரங்கப்பாதையும். ‘நிறுத்தத்தின் நோக்கம்’ என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ‘பார்வையிட’ என்றே எழுதியிருக்கிறார். போனால் போகட்டும் என்று, ஏரி நகரம் ஒன்றை மட்டும் எனக்காகச் சேர்த்திருக்கிறார். அங்கும் நோக்கம் ‘எஞ்சின் ஆறுவதற்கு’ என்றுதான் இருக்கிறது. இவை எதுவும் என் புகார் அல்ல. இதையெல்லாம் தெரிந்துதான் அவருடன் இத்தனை வருடம் குடித்தனம் செய்துகொண்டிருக்கிறேன்.

3. என் புகார் இனிதான். இரண்டாம் நாட்டின் ஆற்றுப் பாலத்திலிருந்து ஏரி நகரத்துக்கு நேரான நெடுஞ்சாலை ஒன்று இருக்கிறது. அது என் அக்காவின் ஊருக்குள், அக்கா வீட்டுத் தெருமுனையைத் தொட்டபடி போகிறது. என் கணவரின் வழித்தடமோ அந்த ஊர் வருவதற்குச் சற்று முன்பு நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சிமென்ட் ஆலைப் பக்கமாகச் சுற்றி, தூசியில் அரை நாள் குளித்து, ஊர் முடிந்த பிறகு அதே நெடுஞ்சாலையில் ஏறுகிறது. அங்கே ஒரு நிறுத்தமும் உண்டு. அதன் நோக்கம்: ‘லாரி எடை மேடையைப் பார்வையிட’. விடுமுறையில் எடை மேடை பார்க்கப் போன குடும்பம் எதையும் தாங்கள் தங்கள் பணிக்காலத்தில் கண்டிருக்க மாட்டீர்கள். தாங்கள் முத்திரை வைத்துவிட்டால், குறிப்பிட்ட ஊர்களைத் தவிர வேறெங்கும் நாங்கள் இறங்கக் கூடாது என்பது சட்டம். வழியில் அழுது புரண்டு அவர் மனத்தை மாற்றவும் எனக்கு வாய்ப்பில்லை. ஆகவேதான் முத்திரைக்கு முன்பே ஓடி வந்திருக்கிறேன்.

4. இந்தச் சுற்று எதற்கு என்று தாங்கள் கேட்பது நியாயம். என் அக்காவின் கணவர் நில அளவையாளர். என் கணவருக்கு அவர் சகலை. சகலை ஆவதற்கு முன்பே சிநேகிதர். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நால்வரும் ஒரு மலையூருக்குக் காரில் போனோம். வழியில் சாலை இரண்டாகப் பிரிந்தது. வழிகாட்டிப் பலகை கீழே விழுந்து கிடந்தது. அக்காவின் கணவர், “இடது பக்கம் போங்க. திசை எனக்குத் தெரியாதா?” என்றார். என் கணவர், “சாலை எனக்குத் தெரியாதா? வலது பக்கம்தான்” என்றார். ஓட்டியவர் என் கணவர் என்பதால் வண்டி வலப்பக்கம் போயிற்று. அது ஒரு கோழிப் பண்ணையின் வாசலில் முடிந்தது. திரும்பி வந்து இடப்பக்கம் போனோம். அது ஒரு கல்குவாரியில் முடிந்தது. இன்றுவரை என் கணவர், “கோழிப் பண்ணைக்காரன் கதவைத் திறந்திருந்தா அந்தப் பக்கம் வழி இருந்திருக்கும்” என்கிறார். குவாரிக்குப் பின்னால் சாலை தொடர்கிறது என்று அக்காவின் கணவர் தம் அலுவலக வரைபடத்தையே சாட்சிக்கு அழைக்கிறார். உண்மையில் நாங்கள் திரும்ப வேண்டிய இடம் அதற்கு முன்பே போய்விட்டது. பின்னிருக்கையிலிருந்து அக்காவும் நானும் அதை மூன்று தடவை சொன்னோம். பின்னிருக்கையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சாலை தெரியும் என்பதை ஏற்க முன்னிருக்கையில் ஆளில்லை. அன்றிலிருந்து அந்த ஆண்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

5. இத்தனை நாள் நான் பொறுத்துக்கொண்டேன். வீம்பு எங்கே போய்விடும், தானாக இறங்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது பொறுக்க முடியாது. அக்காவும் அவள் கணவரும் வீட்டை விற்றுவிட்டு, கடலுக்கு அப்பால் இருக்கும் மகளோடு நிரந்தரமாக வாழப் போகிறார்கள். நாங்கள் அந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போகப்போகும் வாரத்துக்கு மறு வாரம் அவர்கள் கிளம்புகிறார்கள். அதற்குப் பின் என் அக்கா இருக்கும் இடத்துக்குச் சாலையே கிடையாது. என் கணவர் எந்தக் கியரில் போனாலும் அங்கே போய்ச் சேர முடியாது. போன வாரம் தொலைபேசியில் அக்கா சொன்னாள்: “நீ வர வேண்டாம்டி. அந்த மனுஷனை வம்புக்கு இழுக்காதே. ஊரைத் தாண்டிப் போறப்போ ஒரு ஹாரன் மட்டும் அடிச்சிட்டுப் போ. நீ போறேன்னு தெரிஞ்சுக்குவேன்.” சிமென்ட் ஆலைப் பக்கமிருந்து அடிக்கும் ஹாரன் அவளுக்குக் கேட்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஐயா. அப்போது தைத்துக்கொண்டிருந்த சட்டைக்கு இடக்கையை வலத்தோளில் வைத்துத் தைத்துவிட்டேன். வாடிக்கையாளர் இன்னும் அதை வாங்க வரவில்லை.

6. நான் மட்டும் தனியாகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று தாங்கள் கருதலாம். போகலாம். அக்கா என்னைக் கட்டிக்கொள்வாள். அவள் கணவர் நலம் விசாரித்துவிட்டு, என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். அது பாதி வீட்டுக்குப் போய்வருவது போல. எனக்கு நால்வரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் சமையலறையில் பேசிக்கொண்டிருக்க, கூடத்தில் அந்த இருவரும் சீட்டாட்டத்தில் ஒருவரையொருவர் ஏமாற்றிவிட்டுக் கத்துவது என் காதில் விழ வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

7. கணவரிடம் நேரில் சொல்லிப் பார்த்தாயா என்றால், சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒரு நாள் அடுப்பே பற்றவைக்கவில்லை. அவர் ரொட்டி வாங்கி வந்து எனக்கும் சேர்த்துக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. அவர் என் பேச்சைக் கேட்பவர் அல்லர். ஆனால் வட்ட முத்திரையின் பேச்சைக் கேட்பார். ‘நிறுத்துக’ என்று எழுதிய பலகை ஆளில்லாத வயல்வெளியில் நின்றாலும், வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அரசுத் தாளில் நிபந்தனை என்று வந்துவிட்டால் முணுமுணுப்பார், மீற மாட்டார்.

8. தாங்கள் வைத்திருக்கும் விண்ணப்பத் தாளின் பின்பக்கத்தில், ‘பயணிகளின் பாதுகாப்புக் கருதி, அனுமதி வழங்கும் அலுவலர் வழித்தடத்தில் கட்டாய ஓய்வு நிறுத்தம் சேர்க்கலாம்’ என்று அச்சிடப்பட்டிருக்கிறது. நூல் கோர்க்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் அதைப் படித்தேன். என் கணவர் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். தங்களைப் பொய் எழுதச் சொல்லவில்லை, ஐயா. ஆற்றுப் பாலத்திலிருந்து ஏரி வரை, அந்த எடை மேடையைத் தவிர, முழுநாளும் ஓய்வில்லாமல் ஓட்டுவதாகத்தான் அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘களைத்தவன் கையில் ஸ்டியரிங் கூடாது, நிறுத்து, இறங்கு, நட’ என்று அவருடைய பயிற்சிப் பள்ளிச் சுவரில் அவர் கையாலேயே பெயிண்டில் எழுதியிருக்கிறார். அந்தச் சுவரை மதித்தாவது அவருக்கு நடுவில் ஓர் ஊரில் ஓய்வு தேவை என்பது தெளிவு.

9. இதனால் யாருக்கும் மனக்கஷ்டம் வருமோ என்று தாங்கள் தயங்க வேண்டாம். பயணப் பெட்டியில் என் கணவர் பிரிக்காத புதுச் சீட்டுக்கட்டு ஒன்றை வைத்திருக்கிறார். போவதோ இரண்டு பேர். எனக்குச் சீட்டாடத் தெரியாது. எதற்கு என்று கேட்டதற்கு, “சும்மா இருக்கட்டும், கனக்கவா போகுது?” என்றார். அந்தப் பக்கத்திலோ, அக்காவின் கணவர் நாள்தோறும் மாலையில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “எந்த வழியாப் போறாங்களாம்?” என்று கேட்கிறாராம். அக்கா பதில் சொன்னால், “நான் உன்னைக் கேட்டேனா?” என்கிறாராம். விற்றுவிட்ட வீட்டின் முற்றத்தில் கிடந்த பழைய சாமான்களையெல்லாம் போன வாரம் ஒதுக்கிவிட்டு, அளவு நாடாவை விரித்து, ஒரு கார் நிற்க இடம் போதுமா என்று அளந்திருக்கிறார். அவர்களிடம் கார் கிடையாது. எங்கள் வண்டி எத்தனை அடி நீளம் என்று அக்கா என்னைத் தொலைபேசியில் கேட்டாள். பக்கத்தில் யாரோ அவளுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

10. மேற்கண்டவற்றை மனத்தில் கொண்டு, பின்வருமாறு ஆணையிடுமாறு வேண்டுகிறேன்:

(அ) எடை மேடையை அடித்துவிட்டு, இணைப்பில் காட்டியுள்ள ஊரில் இரண்டு இரவு கட்டாய ஓய்வு நிறுத்தம் என்று நிபந்தனை சேர்க்க வேண்டும். ஓர் இரவு போதாது. முதல் நாள் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

(ஆ) ஆணையில் அக்கா, சகலை, உறவு என்ற சொற்கள் எதுவும் வரக் கூடாது. ஊருக்குள் எப்படிப் போவது என்றும் குறிப்பிட வேண்டாம். குறிப்பாக, இடது, வலது என்ற இரண்டு சொற்களையும் தவிர்க்கவும்.

(இ) முத்திரை பெரிதாக, வட்டமாக, மை தெளிவாக இருக்கட்டும்.

(ஈ) அவர் தங்கள் அறைக்கு வந்து வாதாடினால், தாங்கள் இளகிவிடக் கூடாது. வழக்கமாக அவர் வாதாடினால் கட்டடமே அதிரும். இந்த முறை மெதுவாகத்தான் வாதாடுவார் என்று நினைக்கிறேன். தாங்கள் மறுத்ததும் பெருமூச்சு விட்டு, “அரசாங்கமே சொன்ன பிறகு நாம என்ன செய்யறது?” என்று சொல்லிவிட்டு வெளியே வருவார். வெளியே வந்த பிறகு அவர் நடையைச் சன்னல் வழியாகப் பார்க்கவும்.

11. கடைசியாக ஒன்று. தாங்களும் என் கணவரிடம்தான் வண்டி பழகினீர்கள். தாங்கள் ரிவர்ஸ் எடுக்கக் கற்ற நாள்களில் நான் மாடிச் சன்னலில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாசல் பூந்தொட்டிக்கும் தபால் பெட்டிக்கும் என்ன நேர்ந்தது என்பதை இந்த நாள்வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவர் அதைப் பூனை செய்ததாகவே நம்பிக்கொண்டிருக்கிறார். இதை எந்தக் கோரிக்கையுடனும் இணைத்துச் சொல்லவில்லை. பழைய மரியாதைக்காகச் சொன்னேன்.

தங்கள் முத்திரை விழும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்,

(ஒப்பம்)
உடன் பயணிப்பவர்

இடம்: தையல் இயந்திரத்தின் முன்.
நாள்: அனுமதி வாங்க என் கணவர் தங்களிடம் வருவதாக இருக்கும் நாளுக்கு முந்தைய நாள்.

இணைப்பு: பயண வரைபடத்தின் வண்ண நகல், ஒன்று. சாப்பாட்டு மேசையில் இந்த வரைபடத்தை விரித்து வைத்துத்தான் என் கணவர் இரவுதோறும் திட்டம் போட்டார். என் அக்காவின் ஊர் கண்ணில் படக் கூடாது என்று, தேநீர்க் குவளையைத் தவறாமல் அதன் மேலேயே வைத்தார். வரைபடம் முழுவதிலும் ஓர் ஊரைச் சுற்றி மட்டும் பழுப்பு நிறத்தில் அழுத்தமான வட்டம் ஒன்று இருப்பதைக் காண்பீர்கள். மேலே குறிப்பிட்ட ஊர் அதுதான். அந்த வட்டத்தைப் போட்டது நான் அல்ல.