பத்து இலக்கப் பகா எண்

என் செல்ல மகளுக்கு,

உன் செல்போன் எண் பகா எண்ணடி! உன் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதி அனுப்பினாயே, அந்தப் பத்து இலக்கம்தான். ஒரு லட்சத்துக்குட்பட்ட பகா எண்கள் அத்தனையாலும் (பத்து இலக்கத்துக்கு அதுவரை பார்த்தால் போதும்), ஒன்றரை வருஷமாக, கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்துவிட்டேன். எதற்கும் அடங்கவில்லை, உன்னைப் போலவே!

நடுவில் ஒருநாள் 4217-ஆல் மீதியில்லாமல் வகுபட்டது. எனக்குச் சோறே இறங்கவில்லை. பார்த்தால், நீ எழுதிய 7-ஐ 1 என்று படித்திருக்கிறேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இன்று கடைசி வகுத்தலிலும் மீதி வந்ததும் கத்தியேவிட்டேன். கேம்ப் ரோடு வரை கேட்டிருக்கும். அப்பா ஓடிவந்தார்.

"எல்லாம் சரி, அந்த நம்பருக்கு ஒரு தடவையாவது போன் பண்ணினியா?" என்றார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பண்ணுகிறேன். எடுடி. எண் எனக்கு மனப்பாடம்.

அம்மா