தையல் கடை வாசலில் ஆணியடித்த பலகையை அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊரார் 'தையல்கார அக்கா' என்று அழைக்கும் தையல் கடைக்காரர்,
எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தின் ஊர்த் தொண்டர்.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
எச்.ஐ.வி. தடுப்புத் திட்ட அலுவலகம்.

பொருள்: என் கடை வாசலில் மாட்டப்பட்ட பெயர்ப்பலகையை அகற்றக் கோருதல் – மூன்றாவது மனு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து ஏற்கெனவே இரண்டு மனுக்கள் அனுப்பியிருக்கிறேன். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவது மனுவுக்கு, பலகை நல்ல நிலையில் உள்ளதா என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. மிக நல்ல நிலையில் உள்ளது, ஐயா. மழைக்கும் காற்றுக்கும் அசையவில்லை. அதுதான் என் புகார்.

1. என் கடையில் அளவெடுக்கும் இடத்துக்குத் திரை கட்டியிருக்கிறேன். பெண்கள் துணியோடு வருவார்கள், திரைக்குள் போவார்கள். அளவும் எடுப்பேன், திட்டத்தில் தந்த பயிற்சியின்படி விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பரிசோதனையும் செய்வேன். தைத்த துணியின் மடிப்புக்குள் ஆணுறைகளை வைத்துக் கொடுப்பேன். யார் எதற்கு வந்தார் என்று தெருவில் போகிறவருக்குத் தெரியாது. பரிசோதனைக்குச் சாக்காக ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பப் பிடித்துச் சிறிதாக்கச் சொல்லிக் கொண்டுவந்த ஒருவரும் உண்டு. அந்தச் சட்டை இப்போது அவர் மகளுக்குக்கூடப் போதாது.

2. இந்த வேலையை ஆண்டுக் கூட்டத்தில் தாங்கள் பாராட்டினீர்கள். கௌரவிக்கும் வகையில் ஆட்களை அனுப்பி, 'எச்.ஐ.வி. பரிசோதனை மையம் – தயக்கமின்றி வாருங்கள்' என்ற பலகையை மாட்டச் செய்தீர்கள். நல்லெண்ணத்தில்தான் செய்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சிவப்பு எழுத்து பேருந்து நிறுத்தம் வரை தெரிகிறது. அன்று முதல் திரைக்குள் ஒருவரும் வரவில்லை. தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கவே சிலர் வரவில்லை. எதிரே பேக்கரி வைத்திருப்பவர் மட்டும் ஆறுதலாக, "எழுத்து ரொம்ப அழகா இருக்குக்கா" என்கிறார்.

3. இனி எழுதப்போவதுதான் முக்கியம். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார். தொடக்கத்தில் மருத்துவமனையில் எடுத்த பரிசோதனையில் அவருக்குத் தொற்று இல்லை. அதன் பிறகு, வெளியூரில் வேலை செய்யும் அவர் கணவருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. கணவர் தொலைபேசியில் அவரிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறார். ஆகவே அந்தப் பெண் மறுபடி பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனைக்குப் போனால் மாமியார் டாக்டர் மேசை வரை கூடவே வருகிறார். தனியாக வரக்கூடிய ஒரே இடம் என் கடைதான். வந்தார். பலகையைப் பார்த்தார். துணிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நேரே போய்விட்டார்.

பிறகு தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அத்தை அந்தப் பக்கமே போகக்கூடாதுங்கிறாங்கக்கா. பலகைய மட்டும் எடுத்துடுங்க, மறுநாளே வந்துடறேன்."

நான் அவர் வீட்டுக்குப் போகலாமே என்று தாங்கள் கேட்கலாம். இப்போது நான் எந்த வீட்டுப் படி ஏறினாலும் அந்தப் பலகையும் கூடவே ஏறுகிறது, ஐயா. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. விசாரணை வைத்துக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

4. தங்கள் அலுவலக எழுத்தரை நேரில் பார்த்தேன். பலகையைத் துணியால் மூடினால் திட்டத்தை மறைத்த குற்றம், கழற்றினால் அரசுச் சொத்துக்குச் சேதம் என்று விளக்கினார். "பொறுமையா இருங்கம்மா, மேலேருந்து உத்தரவு வரணும்" என்றார். நான் பொறுத்துக்கொள்வேன். வயிற்றில் இருக்கும் பிள்ளை உத்தரவு வரும்வரை காத்திருக்காது. தாய்க்குத் தொற்று இருந்தால், பிரசவத்துக்கு முன்பே மாத்திரை தொடங்கினால்தான் பிள்ளைக்கு வராமல் தடுக்க வாய்ப்பு அதிகம். இது தங்கள் பயிற்சி வகுப்பில் நான் படித்த பாடம்.

ஆகவே, இவ்வாரத்துக்குள் பலகையை அகற்ற உத்தரவிடுமாறு மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கௌரவம் வேண்டாம். பழைய திரை போதும். உத்தரவு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே ஆணியைப் பிடுங்கிவிடுவேன். வழக்குத் தொடுப்பதானால் இம்மனுவையே என் வாக்குமூலமாக வைத்துக்கொள்ளலாம்.

பலகையைத் துணி சுற்றிப் பத்திரமாகத் தங்கள் அலுவலகத்தில் சேர்ப்பேன். அதில் ஒரு கீறலும் விழாது என்று உறுதி கூறுகிறேன். அந்தப் பிள்ளையைப் பற்றி அப்படி உறுதி கூற என்னால் முடியவில்லை.

இப்படிக்கு,
(ஒப்பம்)
தையல்காரர்

இடம்: தையல் கடை
நாள்: திங்கட்கிழமை