இரண்டாம் கிளாரினெட்

ஜூன் 11, செவ்வாய். கடலூர்
பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ இரண்டு கிளாரினெட்டுக்கு எழுதிய பாடங்கள். ஊதுவார் யாருமில்லாமல் இணையத்தில் ஸ்கேனாகக் கிடந்தன. சிதம்பரத்தில் என் மாணவர்களுக்கு இவைதான் வேண்டும். முதல் குரலை அவர்கள் ஊதட்டும். இரண்டாவதைப் பதிவு செய்து கொடுத்துவிடலாம். அதை யார் ஊதுவது? என் மனைவி சௌந்தரத்தின் அண்ணன், பொன்னுரங்கம் மச்சான்தான். மிஷன் பள்ளி பேண்டில் நோட்டேஷன் படித்தவர், பிறகு வாழ்க்கை முழுக்க சாமி ஊர்வலம். தாளைப் புரட்டிப் பார்த்தார். "இவ்ளோ அழகா எழுதி வச்சிருக்கான், எவனும் சீந்தலையே மாப்ள!"

ஜூன் 15
மச்சானின் கன்னத்துக்குள் ஆறாத புண் இருந்ததே - கேன்சராம். தாடையில் ஒரு பக்கம் எடுக்க வேண்டும். அப்புறம் வாய் கிளாரினெட்டைக் கவ்வாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சௌந்தரம் பஸ்ஸில் சிதம்பரம் வரை அழுதுகொண்டே வந்தாள். நான் என்ன சொல்லித் தேற்றுவது?

ஜூன் 18
"ஆபரேசனுக்கு முன்னாடி ஊதி முடிச்சிடுவோம்" என்கிறார். அவரேதான் சொல்கிறார். வலிக்காதா?

ஜூன் 20
பதிவு. இரண்டு குரலும் ஒரே நேரத்தில் ஓய வேண்டிய இடத்தில் மச்சான் விடாமல் ஊதுகிறார். ஊர்வலத்தில் ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கம்.
"நிறுத்தணும்னு எழுதியிருக்கே மச்சான்."
"சத்தம் நின்னா சாமி நின்னுடும் மாப்ள."
"இங்க எங்க இருக்கு சாமி?" - கத்திவிட்டேன். அவர் வாயைத் துடைத்தார். கைக்குட்டையில் ரத்தம். மறுபடி எடுத்து, எழுதியபடியே நிறுத்தி, கடைசிவரை ஊதிக் கொடுத்தார். அந்த மனுஷனப் போயி கத்தினேனே, நான்லாம் என்ன ஜென்மம்!

ஜூன் 24
ஆபரேஷன். முருகா.

ஜூலை 2
பிழைத்துக்கொண்டார். சௌந்தரம் இன்றுதான் சோறு தின்றாள்.

ஆகஸ்ட் 30, சிதம்பரம்
மச்சானை வகுப்புக்கு அழைத்து வந்தேன். ரேகா முதல் குரல் ஊதினாள். எப்போதும் வாயில் வைக்கும் ரீடு சரியில்லை என்பாள்; ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. இன்று பிசகே இல்லை. ஸ்பீக்கரில் மச்சான்.
"ரெண்டாவது ஊதுறது யாரு சார்? அவுங்ககிட்ட நான் கத்துக்கணும்" என்றாள்.
வாயைத் துண்டால் மூடி மூலையில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டினேன். அவள் எழுந்து நின்றாள். மச்சான் விருட்டென்று வராந்தாவுக்குப் போய்விட்டார்.
பின்னாலேயே போனேன். துண்டை விலக்கி ஏதோ சொன்னார். புரியவில்லை. திரும்பவும் சொன்னார், நிறுத்தி நிறுத்தி. அப்போதும் பிடிபடவில்லை.
"ஆமா மச்சான், ஆமா" என்றேன்.
என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு துண்டைக் கட்டிக்கொண்டார்.