பட்டியலில் இல்லாத வரி

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுவது. வலது கை ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம், அங்கே நீ முழுசாகச் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறதே என்று பார்க்காதே, இடது கையால் எழுதுவது. பயப்படாதே, மணிக்கட்டில் சின்ன விரிசல்தான், மாவுக்கட்டு போட்டு மூன்று வாரம் ஆகிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் வாயில் வருகிறது.

நம் வீட்டு கேட்டுக்கு நேரே ரோட்டில் ஒரு குழி. அடியில் தண்ணீர்க் குழாய் உடைந்து மண் உள்வாங்கிவிட்டது. குழாய் நகராட்சியுடையது, மேலே இருக்கிற ரோடு மாநில நெடுஞ்சாலைக்காரர்களுடையது, இரண்டுக்கும் நடுவே போகிற டெலிபோன் கேபிள் மத்திய அரசுடையது. மூன்று பேரும் வந்தார்கள், தனித்தனியாக. எட்டிப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். ரோட்டைத் தோண்ட மாநிலம் அனுமதி தராமல் குழாயைத் தொட முடியாதாம், குழாய் ஒழுகுகிறவரை ரோட்டை மூட முடியாதாம், கேபிள் அறுந்தால் யார் பதில் சொல்வது என்று மூன்றாமவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். பால் வாங்கப் போனபோது அதில்தான் விழுந்தேன். கட்டுப் போட்ட கையோடு என் பழைய நகராட்சி ஆபீசுக்கே போனேன். முப்பத்தொரு வருஷம் நான் உட்கார்ந்திருந்த அதே புகார் கவுன்டர். இப்போது இருக்கிற பெண் எனக்குக் கீழே வேலை பழகியவள், மரியாதையாகத்தான் பேசினாள். இது எங்க பொறுப்புல வராதும்மா, மாநில ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க என்றாள். அவளுக்கு அப்படிச் சொல்லப் பழக்கியதே நான்தான். எத்தனை பேரை அப்படி அனுப்பியிருப்பேன். பொய் சொன்னதில்லை, ஒவ்வொரு தடவையும் விதிப்படி சரியாகத்தான் சொன்னேன், அவர்கள் படியிறங்கிப் போவதை மட்டும் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை.

அப்பா போன பிறகு நீங்கள் மூவரும் கூடிப் பேசி, அக்கா டைப் அடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாளே ஒரு தாள், ஞாபகம் இருக்கிறதா. வீட்டு ரிப்பேர் அண்ணன், ஆஸ்பத்திரி மருந்து அக்கா, கரண்ட், போன், டிவி எல்லாம் நீ. குறை சொல்லவில்லை, மூவரும் தவறாமல் செய்கிறீர்கள். அண்ணனிடம் குழியைப் பற்றிச் சொன்னேன், அது கேட்டுக்கு வெளியதானேம்மா இருக்கு என்றான். அக்காவிடம் கையைப் பற்றிச் சொன்னேன், கட்டு எப்பப் பிரிக்கணும் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொண்டாள். ஒற்றைக் கையால் தலை எப்படிப் பின்னிக்கொள்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மா இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து பின்னிவிடுகிறாள், அவள் கை தலையில் படுகிற அந்தப் பத்து நிமிஷம் சுகமாக இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் டிவி ஓடுகிறது. பார்ப்பதற்கில்லை, வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான்.

வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்கள். எந்த வேலை யார் பொறுப்பு என்று மத்திய அரசுக்கு ஒரு பட்டியல், மாநிலத்துக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று, மாநிலம் பார்த்துக் கொடுப்பதுதான் நகராட்சிக்கு. எந்தப் பட்டியலிலும் வராதது என்ன ஆகும் என்று நான்தான் எழுந்து கேட்டேன். அதற்கும் ஒருவர் பெயரை முதலிலேயே எழுதி வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் அது அநாதையாக நிற்கும் என்றார்கள். நம் தாளில் அந்த வரி இல்லை. நேற்று இடது கையால் அடியில் நானே எழுதிவிட்டேன், மற்றவை எல்லாம் சின்னவன் என்று. யாரையும் கேட்கவில்லை. தனியாக இருக்க முடியவில்லைடா, அதுதான் விஷயம்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழித்து வேலை பார்க்காதே. உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். லீவு கேட்டுப் பார், பத்து நாளாவது வந்து இரு. வரும்போது வண்டியைத் தையல்காரம்மா வீட்டு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கு, இடது ஓரமாகப் பார்த்து நடந்து வா. குழி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா