அம்மாள் என்று சொன்ன காய்ச்சல்

பெரியகல்லாறு
28.01.2010, வியாழன் பின்நேரம்

என் அன்பு மகள் கம்சாயினிக்கு,

காய்ச்சல் விட்ட நேரமாகப் பார்த்து நீ இதைப் பிரிப்பாய் என்று நினைத்துக்கொண்டு அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் இங்கே சுகம் என்று எழுதலாம், அந்தச் சுகத்தில் பாதி உன் கையில் இருக்கிறது. அப்பா அறுவெட்டுக்கு வயல் வட்டையில் நிற்கிறார், பிந்திய மழையில் கதிர் சாய்ந்துபோனதென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். சண்டை முடிந்த பிறகு பாசிக்குடாவுக்குக் கடல் குளிக்க வருகிற பஸ்கள் எங்கள் வந்தாறுமூலைக் கம்பஸ் வாசலால்தான் போகின்றன, உள்ளே சனம் கைதட்டிப் பாடுகிறது, நான் லாப் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு மைக்ரோஸ்கோப் காட்டுகிறேன். காத்தான்குடி நௌஷாட் நாளைக்கு லண்டனுக்குப் பறக்கிறார், இதை உன் கையிலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறார். நிலோஜன் மாமாவின் றிப்போட்டைச் செவ்வாய்க்கிழமையே ஈமெயிலில் அனுப்பிவிட்டேன். இது ஈமெயிலில் எழுதக்கூடியதல்ல, ஐந்து வருடம் பிந்தி எழுதுகிறேன்.

மாமா நெஞ்சுச் சளியால் செத்தான் என்றுதான் உனக்குச் சொன்னோம். நடந்தது இதுதான். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் பதினைந்து வருடத்துக்கு மேல் யாரும் கால் வைக்காத நம் காணியை, சண்டை முடிந்தது, இனி என்ன பயம் என்று போன ஐப்பசி மழையோடு உழப் போனான், வெறுங்காலோடு, காலில் முள் கீறிய காயத்தோடு. கார்த்திகையில் காய்ச்சல் தொடங்கியது. கசம், ரீபி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், காய்ச்சல் அதைச் சட்டை செய்யவில்லை, ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு வீட்டுக்காரர் போல வந்தது. சாகிற கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நெஞ்சுக்குள்ள ஆரோ ஈரக்காலோட நடக்கிறாங்க” என்றான். காய்ச்சலில் பிதற்றுகிறான் என்று நெற்றியில் ஈரத்துணி போட்டேன். இதையெல்லாம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான், எனக்கு அப்போதும் பிடிபடவில்லை.

என்னோடு படித்த ஏறாவூர் ஸகியாவை உனக்குத் தெரியும், இப்போது ஓர் ஆஸ்பத்திரி லாபில் இருக்கிறாள். மாமாவின் இரத்தத்தில் வளர்ந்ததை வெளியிலிருந்து விழுந்த அழுக்கு என்று வீசப் போனவர்களை அவள்தான் மறித்து, கொழும்புக்கு அனுப்பினாள். அனுப்புமுன் எனக்கு அது வளர்ந்த தட்டைக் காட்டினாள். தண்ணீரில் கனநேரம் கிடந்த விரல் நுனி போலச் சுருங்கிச் சுருங்கி வளர்ந்திருந்தது. நான் குனிய, “மூக்கக் கொண்டு போகாதகா, மணந்து பாக்கிறவள்ட நெஞ்சுக்கும் போற சாமான்” என்று தோளைப் பிடித்து இழுத்தாள். மூடி நன்றாக ஒட்டித்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு மணம் வந்தது மகள், சுனாமி அன்றைக்கு உன் தலைமயிரில் இருந்த அதே சேற்று மணம்.

கொழும்புக் கடிதம் செவ்வாய் வந்தது. அது நம் மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கிற கிருமி, பேர் றிப்போட்டில் இருக்கிறது. நம் உடம்பின் காவல் கலம், அந்த வெள்ளை அணு, மற்றக் கிருமிகளைப் போல இதையும் விழுங்கிப் பைக்குள் போட்டுக் கட்டும், கொல்லத்தான். இது பையைக் கிழித்துக்கொண்டு கலத்துக்குள்ளேயே இறங்கிவிடும். கலம் சரிந்து விழாமல் தாங்குகிற அக்டின் என்றொரு புரதம் இருக்கிறது, வீட்டுக்கு வளையும் தடியும் போல. அந்தத் தடிகளை இது தன் முதுகுக்குப் பின்னால் அடுக்குவிக்கும், அடுக்க அடுக்க அது முன்னுக்குத் தள்ளப்படும். உள்ளே போனபின் அது நம்முடைய காலால்தான் நடக்கிறது. தள்ளித் தள்ளிப் போய் அடுத்த கலத்தின் சுவரில் முட்டி, இரண்டு வீட்டையும் ஒரு வீடாக்கிவிடும், பிறகு மூன்றை, நாலை. சுற்றிவளைப்பு நாட்களில் றோட்டில் ஆமி நிற்க நாம் வேலிப் பொட்டு ஓட்டைகளுக்குள்ளால் வீடு வீடாகப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும், றோட்டில் நின்றவனுக்கு ஒன்றும் தெரியாது. இரத்தத்தில் நிற்கிற காவலுக்கும் அப்படித்தான். வேண்டாதபோது எங்கோ ஓரிடத்தில் படுத்துவிடும், வருடக்கணக்காக. எங்கே படுக்கிறதென்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம்.

ஞாயிறு போனில் நீ சொன்னாய், மூன்று கிழமையாகக் கசத்து மாத்திரை, காய்ச்சல் இறங்கவில்லை, பின்நேரமானால் வருகிறது என்று. பிறகு சிரித்துக்கொண்டே, “தலகணியில வாவிச் சேத்து மணம் வருது அம்மா, லண்டன்ல ஏது வாவி” என்றாய். நான் சிரிக்கவில்லை, போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

இனி என் குற்றம். சுனாமி அன்றைக்குக் கடல் உன்னை ஊருக்கு மேலால் தூக்கிக்கொண்டு போய் வாவியில் போட்டது, மாமாதான் கரையோரக் கண்ணாப் பற்றைக்குள் சேற்றோடு சேறாகக் கிடந்த உன்னைக் கண்டு தோளில் தூக்கி வந்தான், வாயைத் திறந்து விட்டபோது கறுப்புத் தண்ணீர் வந்தது. ஆறாம் நாள் பள்ளிக்கூட முகாமில் உனக்குக் காய்ச்சல், காலில் கொப்புளங்கள். நான் அம்மாள், அம்மை போட்டிருக்கிறது என்றேன். வகுப்பறை வாசலில் வேப்பிலை கட்டினேன். வெள்ளைக்கார டொக்டர்மார் ஊசியோடு அறை அறையாக வந்தபோது உன்னை அடுக்கியிருந்த மேசைகளுக்குப் பின்னால் கிடத்திப் பாயால் மூடி, இங்கே வருத்தக்காரர் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அம்மாள் வந்த உடம்பில் ஊசி போட்டால் அவ கோபிப்பா என்று பயம். உன் தம்பி நிதுர்ஷனைக் கடல் கொண்டுபோய் ஒரு கிழமை ஆகவில்லை, அம்மாளையும் பகைக்க எனக்குத் துணிவில்லை மகள். ஒன்பதாம் நாள் கொப்புளம் வாடியது, மஞ்சள் தண்ணீர் வார்த்தேன், அம்மாள் வந்து போனதை வாயால் சொல்லப்படாது என்று உன் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன்.

அந்தச் சத்தியம்தான் இன்றைக்கு உன் வாயைக் கட்டி வைத்திருக்கிறது. முன்பு இப்படி வந்ததா, கொப்புளம் போட்டதா என்று உன் டொக்டர் கேட்க நீ இல்லை என்றாயாம். செவ்வாய் இரவு நான் கெஞ்சக் கெஞ்ச, அம்மாளைக் கொண்டுபோய் வெள்ளைக்காரன்ட மேசையில வைக்கச் சொல்றீங்களா, தம்பியக் குடுத்தது காணாதா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். நீ கேட்டது சரி, நான் சொல்லித் தந்ததைத்தானே கேட்டாய்.

ஆகவே நேற்று அம்மன் கோயிலுக்குப் போனேன். கதவு வைகாசியில் குளிர்த்திச் சடங்குக்குத்தான் திறக்கும், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று சத்தமாகவே சொன்னேன். “அம்மா, அது நீ இல்ல. மண்ணில கிடந்தத உன்ட பேரால மறைச்சது நான். சத்தியத்த நான் திருப்பி எடுக்கிறன், கோபமெண்டா என்னோட வை.” கதவுக்குக் கீழால் ஈரம் கசிந்திருந்தது, மழை விட்டு நாலு நாள். அதை மிதிக்காமல் வந்துவிட்டேன்.

நீ இனிச் சொல்லலாம் மகள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த உடனே டொக்டரிடம் போ. சுனாமித் தண்ணீர் குடித்தேன், சேற்றில் கிடந்தேன், ஒன்பது நாள் காய்ச்சல், கொப்புளம், என் மாமா இதனால்தான் செத்தார் என்று இந்த வரிசையிலேயே சொல். இடது கணுக்காலுக்கு மேலே உள்ள வடுவைக் காட்டு, வெட்கப்படாதே. மாத்திரையை நீயாக நிறுத்தாதே, அவர்கள் மாற்றட்டும். விசாவை நினைத்துப் பயப்படாதே, உயிரோடு இருக்கிறவளுக்குத்தான் விசா. இதற்கு மருந்து இருக்கிறது, சில கிழமை ஊசி, பிறகு மாதக்கணக்கில் குளிசை, பொறுமைதான் வேண்டும். முக்கியமாக, உன் இரத்தத்தை வளர்க்கிற லாப்காரரிடம் மூடியைத் திறக்குமுன் இன்னது என்று சொல்லச் சொல், அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். குளிருக்குக் காலில் கம்பளி மேஸ் போடு, வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே.

நீ நூறு வயது இருந்து, உன் கையால் எனக்கு வாய்க்கரிசி போட வேண்டும், அதைவிட வேறு வரம் நான் கேட்கவில்லை. போன் எடுத்து “சொல்லிற்றன்” என்ற ஒரு சொல் சொல், போதும்.

உன்னைப் பாயால் மூடிய அதே கையால்,
அம்மா
அஜந்தா தங்கராசா

பி.கு: உன்னைத் தேடி நானும் அந்தத் தண்ணீரில் கழுத்தளவு நின்றவள்தானே, ஸகியா என் இரத்தத்தையும் எடுத்திருக்கிறாள். எனக்குக் காய்ச்சல் ஒன்றுமில்லை, நீ யோசிக்காதே. நேற்றுப் படுக்கும்போது தலகணியை மட்டும் மற்றப் பக்கம் திருப்பிப் போட்டேன்.