ஒரே மாதிரி சாப்பாடு

செப்டம்பர் 27, புதன்

அக்டோபர் மாதத்து மதிய உணவுப் பட்டியல் இன்று கொஹாருவின் பையில் வந்தது. அவள் ஷூவைக் கழற்றுவதற்குள் பையைப் பிடுங்கிவிட்டேன். "அம்மா, முதல்ல என்னைப் பாருங்க, அப்புறமா பேப்பரைப் பாருங்க" என்கிறாள். இரண்டாம் வகுப்புக்கு இந்த வாய்.

பரவாயில்லை, சமாளிக்கக்கூடிய மாதம்தான். பால் சேராத நாட்கள் பாதிக்கு மேல் இருக்கின்றன. அன்றெல்லாம் அவளும் பள்ளிச் சமையலையே சாப்பிடலாம், எனக்கும் ஓய்வு. மீதி நாட்களோடுதான் மல்லுக்கட்டு. வெண்ணெயில் வதக்கிய சால்மன். மேலே சீஸ் உருகிய மக்ரோனி. தயிரில் போட்ட பழம். பதினெட்டாம் தேதி பால் ஊற்றிச் செய்யும் வெள்ளை க்ரீம் ஸ்டூ.

பால் ஒரு வாய் போனாலும் அவளுக்கு மூச்சு அடைத்துக்கொள்ளும். அதற்காக எல்லாரும் ஸ்டூ சாப்பிடும்போது என் பெண் மட்டும் ஏதோ பத்தியச் சோற்றோடு உட்கார வேண்டுமா? முதல் வகுப்பு சேர்ந்த புதிதில் ஒருநாள் "எனக்கு மட்டும் வேற" என்று அழுதுகொண்டே வந்தாள். அன்றைக்கு முடிவு செய்தேன். பள்ளியில் என்னவோ அதேதான் இவள் தட்டிலும். அதே நிறம், அதே வடிவம், பால் மட்டும் கிடையாது.

அக்டோபர் 1, ஞாயிறு

வாரச் சந்தைக் கணக்காக ஒரே நாளில் எல்லாம் வாங்கியாயிற்று. சோயா பால், அரிசி மாவு, கோழி, உருளைக்கிழங்கு, வெள்ளை மிஸோ விழுது. சீஸுக்குப் பதில் அரிசியை இடித்துச் செய்த மோச்சிக் கட்டியைச் சீவிப் போட்டு அடுப்பில் வாட்டினால் அச்சு அசல் அப்படியே உருகி, மேலே பொன்னிறமாகப் பொரிந்து வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று.

காலையில் அவளுக்குச் செய்யும் பாத்திரத்தில் மிச்சம் இருப்பதுதான் எங்கள் இரவுச் சாப்பாடு. வேறு எப்படிக் கட்டுப்படியாகும்? ஆனால் என் வீட்டுக்காரர் யோஷினாரி கடை வண்டியைத் தள்ளிக்கொண்டே புலம்பினார். "சிஹோ, நான் பஸ் டிப்போவுல பதினஞ்சு வருஷமா வேலை பாக்குற ஆளு. ராத்திரியானா ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக்குப் போடுறதைத்தான் சாப்பிடணுமா? ஒரு நாளாவது எனக்குப் பிடிச்சது?"

"உங்களுக்கு என்ன பிடிக்கும், சொல்லுங்க" என்றேன்.

மீன் கடைப் பக்கம் நின்று யோசித்தார், யோசித்தார். "மறந்துபோச்சு" என்றார். பக்கத்தில் நின்ற பெண்மணி சிரித்துவிட்டாள். எனக்கு மானம் போயிற்று.

அக்டோபர் 5, வியாழன்

சால்மன் வெற்றி. டப்பா காலி.

அக்டோபர் 11, புதன்

வகுப்பு ஆசிரியை கவாஜிரி ஸென்ஸேயிடமிருந்து போன். நல்ல பெண், சின்ன வயசு, எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். "மன்னிச்சுக்கணும், கொஹாருவோட சாப்பாட்டை டப்பாவுலயே சாப்பிட வைக்கலாமான்னு மறுபடியும் ஒருதரம் கேக்கலாம்னு..."

ஏப்ரலிலேயே பேசி முடித்த விஷயம். வகுப்பில் டப்பாவைத் திறந்தால் அது மட்டும் தனியாகத் தெரியாதா? பள்ளிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தால்தானே எல்லாருடையதும் ஒன்றாக இருக்கும்? நான் அவ்வளவு பாடுபடுவது எதற்கு? கொஞ்சம் கறாராகவே சொல்லிவிட்டேன். அவளும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பாவம்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

நாளைக்கு ஸ்டூ. சோயா பால் ஸ்டூ கொஞ்சம் மஞ்சள் அடிக்கும். வெள்ளை மிஸோவைக் குறைத்து, காலிஃப்ளவரை அரைத்து ஊற்றிப் பார்த்தேன். என்ன வெள்ளை! யோஷினாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நிஜ ஸ்டூவைப் பக்கத்துல வெச்சா எனக்கே தெரியாது" என்றார்.

அதுதான் எனக்கு வேண்டும்.

அக்டோபர் 18, புதன்

இருக்கிறாள். மூச்சு சீராக இருக்கிறது. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் வெறுமனே அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நடந்தது இதுதான். வகுப்பில் மேஜைகளை ஒட்டிப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கொஹாருவுக்குப் பக்கத்தில் தமாகி, இவளுடைய சிநேகிதி. யாரோ ஒரு பையன் கை பட்டுப் பால் கொட்டிவிட்டது. "தட்டைத் தூக்குங்க, தட்டைத் தூக்குங்க" என்று எல்லாரும் கத்த, எல்லாத் தட்டும் பின்னால் அலமாரி மேல் போயிருக்கிறது. துடைத்துவிட்டுத் திரும்ப எடுத்து வைத்தபோது தமாகியின் தட்டு இவளிடம் வந்துவிட்டது. இவளுடையது தமாகியிடம். ஒரே கிண்ணம். ஒரே வெள்ளை. யாருக்குத் தெரியும்? ஸென்ஸேக்கும் தெரியவில்லை. கொஹாருவுக்கே தெரியவில்லை.

உதடு வீங்கியதைக் கவாஜிரி ஸென்ஸே பார்த்திருக்கிறாள். அந்தச் சின்னப் பெண், பேசவே தயங்குகிற பெண், ஒரு நொடி யோசிக்காமல் ஒவ்வாமைக்கென்று பள்ளியில் வைத்திருக்கும் ஊசிப் பேனாவை எடுத்து இவள் தொடையில் குத்தி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, வண்டியில் கூடவே வந்திருக்கிறாள். நான் ஓடி வந்தபோது தாழ்வாரத்தில் முழங்கால் மடித்து உட்கார்ந்து தலையைத் தரையில் முட்டினாள். "நான் பாத்திருக்கணும், நான் பாத்திருக்கணும்" என்று ஒரே அழுகை.

ஐயோ, எழுந்திரும்மா, எழுந்திரு. நீ டப்பாவுல குடுக்கலாமான்னு கேட்டியே. வேண்டாம்னு சொன்னவ நான்தானே. இதை அவளிடம் சொன்னேனா, மனசுக்குள் சொன்னேனா, நினைவில்லை. தூக்கிவிட்டேன், அது மட்டும் தெரியும்.

சாயங்காலம் கொஹாரு கண்ணைத் திறந்தாள். டாக்டர் கேட்டார், சாப்பிடும்போது வித்தியாசமாகத் தெரியலையா என்று.

"தெரிஞ்சுது" என்றாள். "இன்னிக்கு அம்மா சூப்பரா பண்ணிருக்காங்கன்னு நினைச்சேன். அதான் இன்னொரு ஸ்பூனும் சாப்பிட்டேன்."

யோஷினாரி என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே போய் அழுதேன். நல்லா அழுதேன்.

அக்டோபர் 19, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். கஞ்சி குடித்தாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள். கேட்டாளே, அப்பாடா!

அக்டோபர் 21, சனி

தமாகியும் அவள் அம்மாவும் வந்தார்கள். மன்னிப்புக் கேட்க வருகிறவர்கள் இனிப்புப் பெட்டிதான் கொண்டுவருவார்கள். இவர்கள் பேரிக்காய் கொண்டுவந்தார்கள். "கடையில எல்லாப் பெட்டியிலயும் பின்னாடி படிச்சுப் பாத்தேன். ஒண்ணுலயாவது பால் இல்லாம இருக்கணுமே" என்றாள் அந்த அம்மா. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நம் ஊரில் அதெல்லாம் வழக்கமில்லை, குனிந்து வணங்கினேன். அவளும் குனிந்தாள். நானும் மறுபடி. இரண்டு பேரும் எவ்வளவு நேரம்தான் குனிந்து குனிந்து எழுந்திருப்போம்? கடைசியில் யோஷினாரிதான் "டீ ஆறுது" என்று காப்பாற்றினார்.

நான் சமையலறையில் பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் பிள்ளைகள் பேசியது அப்படியே காதில் விழுந்தது.

"எனக்கு வந்ததுல சோயா வாடை அடிச்சுது. அப்பவே நான் சொல்லிருக்கணும்" என்று தமாகி மூக்கை உறிஞ்சினாள்.

"அது தினமும் அடிக்கும்" என்றாள் என் பெண். "பழகிப்போச்சு."

கத்தி கையில் அப்படியே நின்றது.

அவர்கள் போனபிறகு கேட்டேன். "சோயா வாடை பிடிக்கலைன்னா ஏன்டி சொல்லல?"

"நீங்க கஷ்டப்பட்டு ஒரே மாதிரி பண்றீங்களே."

"உனக்காகத்தானே பண்றேன். யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதானே."

அவள் என்னைப் பார்த்த பார்வை! ஏதோ நான்தான் இரண்டாம் வகுப்பு என்பது போல. "எல்லாருக்கும் தெரியுமேம்மா. எல்லாருக்கும் பால் டப்பா குடுப்பாங்க. எனக்கு மட்டும் பார்லி டீ. தினமும். அப்புறம் தெரியாமலா இருக்கும்?"

பால் டப்பா. தினமும் ஒவ்வொரு மேஜையிலும் நிற்கிற பால் டப்பா! காலிஃப்ளவரை அரைத்து, மோச்சியைச் சீவி, நிறம் பார்த்துப் பார்த்துச் செய்தவளுக்கு இது ஒருநாளும் தோன்றவில்லையே. புத்தி எங்கே போயிருந்தது எனக்கு?

"அப்ப முதல் வகுப்புல எனக்கு மட்டும் வேறன்னு அழுதுட்டு வந்தியே?"

யோசித்தாள். "அது புட்டிங் அன்னிக்கு. எல்லாருக்கும் புட்டிங். எனக்கு எதுவுமே இல்ல. அதான்."

இந்தப் பக்கம் யோஷினாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். இனிமேல் ஒரே மாதிரி வேண்டாம் என்றேன். "நிஜமாவா?" என்றாள். அவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

அக்டோபர் 23, திங்கள்

பள்ளிக்குப் போய்க் கவாஜிரி ஸென்ஸேயைப் பார்த்தேன். டப்பாவிலேயே சாப்பிடட்டும், கண்ணை உறுத்துகிற சிவப்பு டப்பா வாங்கிவிட்டேன், தட்டும் சிவப்பு, மூடியை அவள் மட்டும்தான் திறப்பாள் என்றேன். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள். இந்த விஷயத்தில் அவளை யாரும் முந்த முடியாது.

அக்டோபர் 29, ஞாயிறு

நவம்பர் பட்டியல் முந்தாநாளே வந்துவிட்டது. எந்தெந்த நாளில் பால் சேர்கிறது என்று மட்டும் வட்டம் போட்டேன். அந்த நாளுக்கு வீட்டில் என்ன வேண்டுமோ அது. அவ்வளவுதான் வேலை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இதற்கே ஓடிவிடும்.

கடையில் ஆளுக்கு ஒன்று சொல்லச் சொன்னேன். கொஹாரு அரிசி மாவு தோய்த்துப் பொரித்த கோழி. யோஷினாரி இந்த முறை தயாராக வந்திருந்தார்: கணவாயும் முள்ளங்கியும் சேர்த்து வேகவைத்தது. "சொல்லிட்டேன், எழுதிக்கோ, மாத்தாதே" என்று எனக்குப் பின்னாலேயே நடந்தார். பஸ் டிப்போவில் இவரைக் கண்டு எல்லாரும் பயப்படுவார்களாம்!

நவம்பர் 8, புதன்

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மதியம் ஆனால் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பார்க்கிறேன்.

இன்று அங்கே மக்ரோனி. இவளுக்குச் சோற்று உருண்டையும் கோழியும். அந்தச் சிவப்புத் தட்டோடு தனியாக உட்கார்ந்திருப்பாளோ? யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களோ? சாயங்காலம் கேட்டால் "ஒண்ணும் இல்லையே" என்கிறாள். சோயா வாடையையும் இப்படித்தானே மறைத்தாள். எப்படி நம்புவது?

நவம்பர் 17, வெள்ளி

பெற்றோர் வகுப்பில் வந்து பார்க்கும் நாள். இந்த முறை சாப்பாட்டு நேரத்திலும் நிற்கலாம் என்றார்கள். கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். மற்ற அம்மாக்கள் முன்னால் நின்றார்கள். நான் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில்.

வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகள் பரிமாறினார்கள். வெண்ணெய் வாசனை. எல்லார் தட்டிலும் ஒரு மாதிரி, என் பெண்ணுடையது மட்டும் பளீரென்று சிவப்பு. நான் எதைப் பார்க்கக் கூடாது என்று இத்தனை காலம் பாடுபட்டேனோ, அது இதோ கண்ணெதிரே.

கொஹாரு மூடியைத் திறந்தாள். எதிரே இருந்த பையன் எட்டிப் பார்த்தான்.

"உருண்டையா? உள்ள என்ன?"

"உப்பு சால்மன்."

"எனக்கு ஊறுகாய் பிளம்தான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் சூப்பைக் குடிக்க ஆரம்பித்தான்.

அவ்வளவுதான். அப்புறம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆளுக்கு ஒன்று போக உறையவைத்த ஆரஞ்சு ஒன்று மிச்சம். அதற்காக வகுப்பே எழுந்து கை நீட்டிக் கல்-கத்தரி-காகிதம் விளையாடிக் கத்தியது. தமாகி ஜெயித்தாள். என் பெண் தோற்றுவிட்டு, "நீ லேட்டா நீட்டினே, நான் பாத்தேன்!" என்று இடுப்பில் கை வைத்துச் சண்டைக்கு நின்றாள். குரலைக் கேட்க வேண்டுமே! மற்ற அம்மாக்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டுக் குனிந்தேன். குனிந்தபடியே சிரித்தேன். நிம்மதி. என்ன ஒரு நிம்மதி!

அங்கிருந்து நேரே வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனேன்.

கதவுச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். கொஹாரு பையைக் கீழே போட்டுவிட்டு, "அம்மா, ராத்திரிக்கு என்ன?" என்றாள்.

"தெரியலடி" என்றேன்.

அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இரண்டு பேரும் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தோம்.