கறுப்பு வயர்கள் நடுவில்

இன்று காலை எங்கள் கல்லூரி லேபுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. எல்லாவற்றையும் ஓடவிட்டும் லேபில் சத்தமே இல்லை. சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்லி சப்ளை செய்தவர் தாளை நீட்டினார். நான் பேனாவைத் தொடாமல் ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனேன். பதினோராவது பெட்டியில் காற்று வரவில்லை. சூடேறிய பெயின்ட் வாசனைதான் வந்தது. அங்கேயே உன் ஞாபகம் வந்து நின்றுவிட்டேன்.

போன மாதம் உன் காரியத்தன்று கொள்ளேகால் வீட்டில் உன் சொந்தக்காரர் ஒருவர், "கொஞ்சம் பணிஞ்சு போயிருந்தா மைசூர்லயே நல்லா இருந்திருப்பா" என்றார். சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்.

சரஸ்வதிபுரத்தில் நாம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்த கடை நினைவிருக்கிறதா? அந்தக் காலத்து பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு இரண்டு கனெக்டர்கள் வரும். பக்கத்துப் பக்கத்தில் மாட்ட வேண்டும். இடம் மாற்றி மாட்டினால் போர்டு கருகிவிடும். கறுப்பு வயர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சேர்ந்திருந்தால் சரி. நீ ஒவ்வொரு முறையும் அதை வாய்விட்டுச் சொல்லி மாட்டுவாய். அப்புறம் சுவிட்சைப் போட்டுப் பின்னால் கை வைப்பாய். "ஓடுற சத்தத்த நம்பாத புள்ள. காத்து வருதான்னு கைதான் சொல்லோணும்."

ஒரு வக்கீலுக்கு நீ அசெம்பிள் செய்த பெட்டி, ஃபேன் இரைச்சல் தாங்கவில்லை என்று திரும்பி வந்தது. டிக்டேஷன் கொடுக்கவே முடியவில்லையாம். சரிசெய்ய நீ ஒரு நாள் அவகாசம் கேட்டாய். ஃபேனுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அடியில் சைக்கிள் டியூபில் வெட்டிய வாஷர் நாலு, அவ்வளவுதான் வைத்தியம். முதலாளிக்கு அந்த ஒரு நாள் பொறுமை இல்லை. நீ சாப்பிடப் போயிருந்தபோது பவர் சப்ளையின் இரும்புக் கூட்டைத் திறந்து, ஃபேன் வயரை வெட்டி, டேப் சுற்றி மூடி அனுப்பிவிட்டார். எதிர் மேசையில் நான் இருந்தேன். பார்த்தேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன.

பத்து நாளில் பெட்டி கருகி வந்தது. பின்னாலேயே வக்கீலும் வந்தார். முதலாளி கூசாமல், "இந்தப் பொண்ணு கனெக்டர மாத்தி மாட்டிட்டா சார்" என்றார். உன் பக்கம் திரும்பி, "தப்பு என்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா. வேலைய விட்டு அனுப்ப மாட்டேன்" என்று பெரிய மனசு பண்ணினார். அதை எழுதியிருந்தால் மைசூரில் யாரும் உன்னை ஒரு பெட்டியைத் தொட விட்டிருக்க மாட்டார்கள். 'பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு' என்று சொல்லக் காத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தத் தெருவிலேயே நாலு பேர்.

"நான் மாட்டுனது சரிங்க. செய்யாத தப்புக்கு எதுக்குக் கையெழுத்துப் போடோணும்?" என்றாய். குரல் உயரவே இல்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து வக்கீல் முன்னாலேயே பெட்டியைத் திறந்தாய். கருகிய போர்டிலும் கறுப்பு வயர்கள் நடுவில் சேர்ந்தே இருந்தன. அப்புறம் பவர் சப்ளையையும் திறந்தாய். வெட்டிய வயரில் டேப் இளகித் தொங்கியது.

"அதையும் இவதான் வெட்டியிருப்பா" என்றார் முதலாளி.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம் எல்லோரையும் பார்த்து, "யாராதரூ நோடிதீரா?" என்று கேட்டார். யாராவது பார்த்தீர்களா. நீ என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வேலை போகக் கூடாது என்று திரும்பாமல் இருந்தாய். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் பார்த்தேன் சார். வெட்டினது இவர்தான்" என்றேன்.

சாயங்காலத்துக்குள் இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. "நீ எதுக்கு புள்ள வாயத் தொறந்த?" என்று பஸ் ஸ்டாண்டு வரை திட்டிக்கொண்டே வந்தாய். கொள்ளேகால் பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாய். அப்புறம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி ரிப்பேர் பார்த்தாய். மாற்றி மாட்டவே முடியாத ஒற்றைக் கனெக்டர் வந்தபோது, "இனி நம்ம மேல பழி போட வேற காரணம் தேடோணும் பாவம்" என்று சிரித்தாய்.

நீ பணிந்து போகவில்லை. அதனால் நீ ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உன் சொந்தக்காரர் இதை எத்தனை முறை மாற்றிச் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பதினோராவது பெட்டியின் ஃபேன் சுற்றவில்லை என்றேன். "சத்தம் வராத மாடல் மேடம். இதுக்குப் போயா? ஒரு கையெழுத்துதானே" என்றார் சப்ளை செய்தவர். பிரின்சிபாலும் போன் செய்து, போட்டுவிடுங்கள் என்றார்.

போடவில்லை. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டு, பின்னால் கையை வைத்துக்கொண்டே நின்றேன்.